ஓரத்தில் ஒரு கையொப்பம்

பாலையூற்றுக் கோயிலின் மரணப் பதிவேட்டில்
ஐந்து கட்டங்கள்.
நாள். பெயர். வயது. தகப்பன் பெயர்.
கடைசியில், காரணம்.
ஒடுக்கமான கட்டம் அது.
நெருப்புக்காய்ச்சல், பாம்பு, கடலில் அமிழ்ந்தது, முதுமை,
இவ்வளவும் கொள்ளத்தான் கோடு கீறியிருந்தார்கள்.

சுவாமி மன்னாருக்குப் போனவர்.
பாதை பூட்டி நாற்பது நாள்.
நான் சக்கிறிஸ்தார், யோக்கீம்.
பூசை வைக்க எனக்கு உரிமையில்லை.
மணி அடிக்கலாம், உருகிய மெழுகு சுரண்டலாம்,
செத்தவர்களை எழுதலாம்.

ஆனியில் மட்டும் பதினொரு பேரை எழுதினேன்.
ஏழாவது, கபிரியேலின் மகன் மரியநேசன்.
உள்துறைமுகக் கரையில் கிடந்தான்.
கையைக் கட்டியிருந்த கயிறு நைலோன்,
எங்கள் வலைகளில் ஓடும் அதே நீலம்.
அவிழ்த்தது நான்தான்.
முடிச்சு இறுகியிருந்தது, பல்லால் இழுத்தேன்.
உப்பு.

மாலை ஜீப்பில் வந்தவர் நல்ல தமிழ் பேசினார்.
கொப்பியைப் பார்க்க வேண்டும் என்றார்.
கடைசிக் கட்டத்தில் விரல் வைத்து
மாரடைப்பு என்றார்.
மாரடைப்பு என்று எழுதினேன்,
இடையின ரகரம் போட்டு, பிழையில்லாமல்.
இரண்டு கட்டம் தள்ளிப் பதினேழு என்றிருந்தது.
அதையும் நான்தான் எழுதியிருந்தேன்.

பிலோமினா மறுநாள் வந்தாள்.
"என்ர பிள்ளைக்கு என்ன எழுதியிருக்கிறியள்?"
வாசித்துக் காட்டினேன்.
அவள் அழவில்லை.
"அவனுக்கு நெஞ்சில ஒண்டுமில்லையே" என்றாள்,
தெரியாத ஒருவனுக்குத்
திருத்திச் சொல்வதுபோல, மெதுவாக.
போகும்போது மெழுகுதிரிக் காசு வைத்துவிட்டுப் போனாள்.

அன்றிரவு ஊரடங்கு.
நாய்களும் அடங்கிய தெருவில் மான்கள் வந்தன.
அவற்றிடம் அடையாள அட்டை கேட்பார் இல்லை.
சேவல் கூவ இன்னும் நேரமிருந்தது;
எதையோ கண்டு மிரண்டு
ஒரு மான் ஒருதரம் கத்தியது.
எனக்கு அது போதும்.
இராயப்பர் வெளியே போய் அழுதார்.
நான் வெளியே போனால் சுடுவார்கள்.
பூசை உடுப்பு அலுமாரியைத் திறந்து
அதற்குள் முகத்தை வைத்துக்கொண்டேன்.
பாச்சா உருண்டை மணம்.

பதிவேட்டின் முன்மட்டையில்
எப்போதோ செத்துப்போன ஒரு வெள்ளைக்காரச் சுவாமி
எழுதி ஒட்டிய விதி:
அழிக்கக் கூடாது. சுரண்டக் கூடாது.
பிழையைச் சிவப்புக் கோட்டால் வெட்டி,
மேலே சரியானதை எழுதி,
திருத்தியவர் ஓரத்தில் கையொப்பமிட வேண்டும்.

பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக, எட்டாம் கட்டளை.
ஞாயிறு மறைக்கல்விக்கு நான்தான் படிப்பிக்கிறேன்.
பிள்ளைகள் ஒரே மூச்சில் ஒப்புவிப்பார்கள்.
நானும் அப்படித்தான்,
அந்த ஓரத்தைப் பார்க்கும்வரை.

திரேசா விளக்கைப் பிடித்தாள்.
"கையொப்பத்தை விளங்காமல் போடுங்கோவன்."
அது பாவமில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.
ஆனால் என் கை பள்ளிக்கூடக் கை,
விளங்காமல் எழுத அதற்கு வராது.

சிவப்பு மை இல்லை.
மூத்தவள் வரைபடத்தில் வீதி கீறும் பென்சிலை எடுத்தேன்.
மாரடைப்பின் மேல் ஒரு வீதி.
அதற்கு மேல்: கைகள் கட்டப்பட்டு, சுடப்பட்டு.
கட்டம் போதாது.
தகப்பன் கட்டத்திலேயே தொடங்க வேண்டியிருந்தது,
கபிரியேலின் தலைக்கு மேல்.
ஓரத்தில் யோக் என்று எழுதியபோது
வயிறு கலங்கிக் கக்கூசுக்கு ஓடினேன்.
திரும்பி வந்து கீம் என்று முடித்தேன்.
நடுவில் இடைவெளி இருக்கிறது,
பார்க்கிறவருக்குத் தெரியும்.

பிலோமினாவுக்கு இன்னும் சொல்லவில்லை.
அன்று வாசித்த அதே குரலில் வாசிக்க வேண்டும்.

இன்று பன்னிரண்டாவது பெட்டி வருகிறது.
நிப்பைக் கழுவிக் காயவைத்திருக்கிறேன்.
சந்தியில் ஒரு எஞ்சின் வந்து அணைகிறது,
கதவு திறக்கும் சத்தம் இன்னும் இல்லை.
மத்தியானத் திரிகாலத்துக்கு நேரமாயிற்று.
மணிக்கயிற்றைப் பிடிக்கிறேன்.
பழையது போன வருடம் அறுந்தது;
யாரோ வலைக்கயிறு கட்டிவிட்டார்கள்.
நீலம்.