கடைசித் துண்டு

வாசல் திரையைத் தலையால் விலக்கியதுமே
அடுப்படியிலிருந்து ஆறு தொண்டைகள்
ஒரே மூச்சில் வரவேற்கும்.
பதிலுக்குக் கத்த வேண்டாம்.
விரல்களைக் காட்டினால் போதும்: நான்கு பேர்.

கியோபாஷி. தண்டவாளத்துக்கு அடியில் கடை.
மேலே ரயில் போகும்போதெல்லாம்
பேச்சை அப்படியே நிறுத்திக்
கோப்பையைப் பிடித்துக்கொள்வோம்,
போனபின் விட்ட சொல்லிலிருந்து தொடர்வோம்.

கை துடைக்கக் கொடுத்த சூடான ஈரத்துணியால்
மினெகிஷி முகம், கழுத்து, காதுமடல் வரை துடைப்பார்.
கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணம் வரும்,
ஊறவைத்த கத்திரிக்காய்.
பில்லிலும் கேட்காமலே வரும்.

கோழி வறுவல் வந்தது, ஐந்து துண்டு, கொதிக்கக் கொதிக்க.
யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல்
எலுமிச்சையைப் பிழிந்துவிட்டான் புதுப்பையன் ஹயசே.
அதற்கொரு சண்டை.
கிடங்கில் நாற்பது பெட்டி காணாமல் போனபோதுகூட
இத்தனை சத்தம் எழவில்லை.

பிறகு வழக்கம்போல
தட்டில் ஒன்று மிஞ்சியது.

எங்கள் பக்கத்தில் அதற்கொரு பெயர் உண்டு,
தயக்கக் கட்டி.
எல்லோருக்கும் வேண்டும், எவரும் தொடமாட்டோம்.
"நீங்க எடுத்துக்குங்க."
"ஐயோ, வயிறு நிறைஞ்சுபோச்சு."
சொல்லிக்கொண்டே அடுத்த தட்டுக்கு ஆர்டர் கொடுப்போம்.
அது ஆறும். எண்ணெய் வெளுக்கும்.
முட்டைக்கோஸ் இழைகளின் மேல்,
கூட்டம் முடியும்வரை கை தூக்காதவனைப்போல
உட்கார்ந்திருக்கும்.

தட்டெடுக்க வந்த பெண் கேட்டாள், எடுக்கட்டுமா?
ரயில் வந்தது.
நாங்கள் மூவரும் கோப்பைகளைப் பிடித்துக்கொண்டோம்.
ஓரியே பிடிக்கவில்லை.
பதினோரு வருடமாக
எங்களுக்கு ஊற்றி ஊற்றியே
தன் பீரை ஆறவிட்டவள்,
குச்சியைக்கூடத் தேடாமல்
விரலால் எடுத்து வாயில் போட்டாள்.
மென்றாள், அவசரமே இல்லாமல்.
அவள் கோப்பை அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்து
மேசை விளிம்பில் போய் நின்றது.

ரயில் போனபின்
விட்ட சொல் எதுவென்று யாருக்கும் நினைவில்லை.
"எலுமிச்சை நல்லாத்தான் இருக்கு" என்றாள்.
ஹயசே காதுவரை சிவந்தான்.

பில்லை நான்காகப் பிரித்தோம்.
அவள் சில்லறை வரை சரியாகக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை காலை
மினெகிஷியின் மேசையில் ஒரு வெள்ளை உறை.
இரண்டு முறை படித்துவிட்டு,
கண்ணாடியைக் கழற்றி,
"வெள்ளிக்கிழமையே சொல்லிட்டாங்களே" என்றார்.

இப்போது மூன்று விரல் காட்டுகிறோம்.
வறுவல் தட்டில் அதே ஐந்து.
ஆளுக்கொன்று போக
மிஞ்சுவது இரண்டு.