வலது தொடை

ஊதாப் பேனையைத் திறந்துகொண்டு
திரைக்குள்ளே நிற்கிறேன்.
இருபத்தாறாம் வாட்டு, காலை ஏழு மணி.
வெளியே ஆஸ்பத்திரி வீதியில்
பருத்தித்துறை பஸ் ஆட்களைக் கூப்பிடுகிறது.

ஜெயகௌரி. முப்பத்தெட்டு.
தட்டைவடை பொரித்த தாச்சி சரிந்து
வலது புறங்கை, அங்கிருந்து முழங்கை மட்டும்.
அவளுடைய உள்ளங்கை
அவளுடைய உடம்பில் நூற்றில் ஒன்று.
அந்தக் கணக்கில்
மூன்று உள்ளங்கைத் தோல் வேண்டும் எனக்கு.

கைமாற்றுக் கேட்க வந்தவன் மாதிரி
கட்டிலைச் சுற்றி வருகிறேன்.

இடது தொடையில் பேனை நின்றது.
சுருங்கி, இழுபட்டு, நடுவில் ஒரு குழி.
"உள்ளை ஒரு துண்டு இன்னும் கிடக்கு டொக்டர்.
மாரி வந்தால் கதைக்கும்."
எந்த ஆண்டு என்று நான் கேட்கவில்லை.

வயிற்றில் இரண்டு சிசேரியன், ஒரே கோட்டின் மேல்.
முதுகில் எடுக்கலாம்;
பிறகு இரண்டு கிழமை குப்புறக் கிடக்க வேண்டும்,
இந்த வெக்கையில், இந்த றெக்சின் மெத்தையில்.

வலது தொடை.
புத்தகம் சொல்கிற இடம்.
அகலம், சமதரை, சட்டைக்குள் மறையும்,
பிளேட் ஒரே இழுப்பில் ஓடும்.
பேனையை வைக்கக் குனிந்தேன்.

"அதை விடுங்கோ."

"பதினாலு நாளிலை மாறிடும், அம்மா."

"மாறும். தெரியும்.
மற்றதும் மாறினதுதானே."

மின்விசிறி அந்தப் பக்கம் போய்த்
திரும்பி வந்தது.

"ஒண்டும் நடக்காத இடம் எண்டு
எனக்கு அது ஒண்டுதான் இருக்கு.
அது அப்பிடியே கிடக்கட்டும்."

சுபத்திரா மிஸ்ஸி பெட்சீற்றைச் சரிசெய்தா,
சரியாகவே இருந்த பெட்சீற்றை.

படித்த பதில்கள் வாய் நிறைய இருந்தன.
பேனையை மூடினேன்.
அப்போதுதான் அவளுடைய பின்னலைக் கண்டேன்.

தலைத்தோல் கெதியாக ஆறும்.
தழும்பை மயிரே மூடிக்கொள்ளும்.
"மொட்டை அடிக்க வேணும்" என்றேன், தயங்கி.
வந்த நாளிலிருந்து முதல் தடவை சிரித்தாள்.
"சந்நிதிக்கு நேர்த்தி எண்டு சொல்லலாம்."
உடனேயே கவலை:
"அப்ப கையிலை மயிர் முளைக்குமோ?"
முளைக்காது. வேர் தலையிலேயே நிற்கும்.
வெங்காயச் சருகின் மொத்தத்துக்குத்தான்
சீவி எடுப்போம்.

படிவத்தில்,
தோல் எடுத்த இடம்: தலை.
காரணத்துக்கு இரண்டு விரல் அகல இடம் விட்டிருந்தது.
'வலது தொடை பாவிக்க முடியாது' என்று எழுதினேன்.
பெரிய டொக்டர் பக்கத்தில்
சிவப்பில் ஒரு கேள்விக்குறி போட்டார்.
அது இன்னும் அங்கேதான் நிற்கிறது.

ஒன்பதாம் நாள் கட்டவிழ்த்தபோது
தலையெங்கும் கடுகு தூவினது போல் மயிர்.
அவள் அதைத் தடவிப் பார்க்கவில்லை.
கையை நீட்டினாள், திருப்பினாள்,
தலையணைக்குக் கீழே சுற்றி வைத்திருந்த
மோதிரத்தை எடுத்துப் போட்டுப் பார்த்தாள்.
போகவில்லை. வீக்கம்.

"பொறுத்துப் போடுவம்" என்றாள்,
என்னிடம் அல்ல,
கையிடம்.