காக்கி நூல்

மூன்று நாளாகத் தையல்
விட்டு விட்டு விழுகிறது.
நாலு குத்து, ஒரு தாவல்,
அடியில் குருவிக்கூடு.

பர்கூர் கடைக்கு வெள்ளிக்குள்
ஆறு டஜன் உள்பாவாடை.
ஜப்பார் பாய் போனில் சொன்னார்:
"ஞாயிறுதான் வர முடியும்.
ஊசியை மாத்திப் பாரும்மா."

மாற்றினேன்.
மேல்நூல் திருகை அரைச்சுற்று தளர்த்தினேன்,
கால் சுற்று இறுக்கினேன்.
தலையைச் சாய்த்து
ஓட்டைக்கு ஓட்டை எண்ணெய் விட்டேன்.
மாமியாரிடம்கூட இவ்வளவு கெஞ்சியதில்லை.

கடைசியில் தகட்டைக் கழற்றி
வீணாய்ப்போன பல் பிரஷால்
மெஷினுக்குப் பல் துலக்கினேன்.
எட்டு மாதப் பஞ்சு.
அதற்கும் கீழே, கொக்கிச் சந்தில் சுருண்டு
ஒரு சாண் நூல்.
காக்கி.

நான் காக்கி தைப்பதில்லை.

மாங்கூழ் கம்பெனிக்குக் காக்கி போட்டுப் போகிறவர்
மாதையன் என்கிற ஒரே ஆள்.
பதினோரு நாளாக எங்களுக்குள் பேச்சில்லை.

கொடியில் காய்ந்த கால்சட்டையைத் திருப்பினேன்.
பின்பக்கக் கிழிசல் மேல்
அஞ்செட்டி மலைப்பாதை மாதிரித் தையல்,
வளைந்து, வழி தவறி, திரும்பி வந்து.
நான் தூங்கியபின்
விளக்குகூடப் போடாமல் மிதித்திருக்கிறார்.

சிரிக்கக் கூடாது என்றுதான் இருந்தேன்.

பாபின் கேஸைத் தள்ளினேன், டிக்கென்றது.
சக்கரத்தை என் பக்கமாக ஒரு சுற்று.
வெட்டுத்துணியில் எறும்பு வரிசை,
ஒன்றுகூடத் தப்பவில்லை.

அந்தக் கோணல் தையலைப் பிரிக்கவில்லை.
இரண்டு டஜன் முடித்துப் படுக்கும் முன்
பழைய பில்லின் முதுகில் எழுதி
மெஷினின் காலடியில் செருகினேன்:

"காலை இறக்கிவிட்டு ஓட்டவும்."