காதுக்கல்

பைட்டா துறைமுகத்தில் காலை ஆறு மணிக்கே
மீன்தூள் ஆலையின் நாற்றம் எழுந்துவிடும்.
மூக்கைப் பொத்துகிறவர்கள் வெளியூர்க்காரர்கள்.
நான் பொத்துவதில்லை.
ஆய்வகத்துத் தொட்டியில் எனக்காக
நேற்றைய வயிறுகள் பனி இளகிக் கிடக்கும்.

கணவாயின் வயிற்றைத் திறப்பது என் வேலை.
ஆள் உயரக் கணவாய். இங்கே அதற்குப் போத்தா என்று பெயர்.
திறந்தால் கூழ்.
பெரும்பாலும் கூழ்தான்.

அதன் உணவுக்குழல் மூளைக்கு நடுவே போகிறது,
வளையலுக்குள் கை நுழைவது போல.
பெரிய கவளமாய் விழுங்கினால்
யோசிக்கிற இடம் நசுங்கும்.
அதனால் எவ்வளவு பசித்தாலும்
கிளிமூக்கு அலகால் கொத்திக் கொத்தி,
பொடித்துத்தான் தின்னும்.
தின்னப்பட்டது யாரென்று
முகம் பார்த்துச் சொல்ல முடியாது.

தலை போயிற்று, செதில் போயிற்று.
மிஞ்சுவது காதுக்கல்.
மீனின் காதுக்குள் வளர்கிற வெள்ளைக் கல், எள்ளளவு.
சல்லடையில் அலசி, இடுக்கியால் எடுத்து,
கறுப்புத் துணியில் வைத்துப் பார்ப்பேன்.
காதும் காதும் வைத்ததுபோல் முடிந்த கொலை
இந்தக் கல்லால் வெளியே வரும்.
இது விளக்குமீன்.
இதுவும்.
இது நெத்திலி; கரையோரம் வந்திருக்கிறது.

விளக்குமீன் பகலெல்லாம் இருட்டில் கிடந்து
இரவில் கூனிப்பொடியைத் தேடி மேலே வருகிறது.
அதன் பின்னால் கணவாய்.
கணவாயின் பின்னால் வாள்மீன், திமிங்கிலம்,
என் அண்ணன் எலெயுத்தேரியோ.
நான்கு பேர், ஒரு படகு,
பேட்டரியில் எரிகிற ஒரு விளக்கு.
எல்லோரும் ஒரே ஏணியில்தான் ஏறுகிறோம்.
அண்ணனுக்கு மட்டும் டீசல் கடன்.

நாற்பத்தோராவது வயிறு.
கல் இல்லை.
வெளிறிய சதைத்துண்டு, பல் வைத்த உறிஞ்சி வளையங்கள்,
ஓர் அலகு, என் கட்டைவிரல் நகம் அளவு.
கணவாய்க்குள் கணவாய்.

படிவத்தில் இதற்கென்று ஒரு கட்டம் இருக்கிறது:
'தன்னினம்'.
டிக் அடிக்கப் போனவள் நிறுத்தினேன்.
தூண்டிலில் மாட்டித் துடிக்கிற கணவாயை
மற்றவை மொய்த்துப் பிய்க்கும்,
படகு விளிம்பு வரை வந்து பிய்க்கும்
என்று அண்ணன் சொல்லியிருக்கிறான்.
அப்படியானால் இது கடலின் பசியா,
நாம் விளக்குப் போட்டுக் கூட்டிய கூட்டத்தின் பசியா?
வயிறு சொல்லாது.
தின்றதைச் சொல்லும்.
எந்த வெளிச்சத்தில் தின்றதென்று சொல்லாது.

போத்தா வராமல் போன வருஷம்
பதினைந்து நாள் கடலில் கிடந்து
நாலு பெட்டியோடு திரும்பினார்கள்.
அந்த வாரம்தான் படகின் எஞ்சின் காணாமல் போனது.
கழற்றி விற்றவன் பெலிசாரியோ,
அண்ணனோடு ஒரே பலகையில் தூங்கியவன்,
ஒரே தட்டில் தின்றவன்.
அண்ணன் போலீசுக்குப் போகவில்லை.
"அவன் பிள்ளைகளுக்கு எவ்வளவு நாள் ஓடியிருக்கும்?"
என்று மட்டும் கேட்டான்,
நான் ஏதோ அளந்து சொல்லிவிடுவேன் என்பது போல.

சாயங்காலம் சந்தையில் ஒரு தட்டு செவிச்சே வாங்கினேன்.
எலுமிச்சையில் வெந்த போத்தா, வெங்காயம், மிளகாய்.
அடுத்த பெஞ்சில் பெலிசாரியோவின் கடைக்குட்டி,
முழங்கை வரை சாறு வழிய,
மெல்லாமல் விழுங்கிக்கொண்டிருந்தாள்.
மூளை வழியே போகாத தொண்டை.
எவ்வளவு பெரிய கவளம்!

என் தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன்.
நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

நாற்பத்தொன்றாம் படிவத்தில்
அந்தக் கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது.
நாளை மேலாளர் கேட்பார்.
அலகை மட்டும் சாராயக் குப்பியில் போட்டு
தேதி எழுதி வைத்திருக்கிறேன்.