பதினோரு மாத்திரை மிச்சம்

தொடங்கியது சாலைக்கு அந்தப் பக்கம்,
திருவனந்தபுரத்தில், குளிரூட்டிய ஓர் அறையில்.
நிறுத்துவதென்றால் இந்தப் பக்கம்,
பனச்சமூட்டுச் சந்தைக்கு மேலே
மீன்வாடை ஏறிவரும் என் மேசையில்.

ரெத்தினபாய், எழுபத்தெட்டு.
இதயத்தின் மேலறை துடிப்பதில்லை, நடுங்குகிறது.
நடுங்கும் இடத்தில் ரத்தம் தேங்கும். தேங்கினால் உறையும்.
உறைந்தது ஒருநாள் புறப்பட்டு மூளைக்குப் போகும்.
போயிருக்கிறது; இரண்டு வருஷம் முன்பு
கோயிலில் பாட்டு நடுவே வாய் கோணி
ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தது.
அதற்குத்தான் மாத்திரை.

இந்த மாதம் இரண்டு முறை விழுந்தாயிற்று,
ஒருமுறை ஷீட் அடிக்கும் ரோலர் மேலேயே.
முழங்கை முதல் மணிக்கட்டு வரை கத்தரிக்காய் நிறம்.
"வெளிக்குப் போனா தாரு போல கறுப்பு" என்கிறார்,
என்னிடமல்ல, மகள் புஷ்பலீலாவிடம்.
ஹீமோகுளோபின் பதினொன்றிலிருந்து ஒன்பதுக்கு வந்திருக்கிறது.

அமோனியா விட்டால் பால் உறையாது,
ஆசிட் விட்டால் உறையும்.
நாற்பது வருஷம் இரண்டையும் அளந்து ஊற்றியவர்.
அதை வைத்து விளக்கலாமென்று வாயெடுத்தேன்.
சொல்லவில்லை.
சிரட்டையில் நிற்கும் பாலுக்கு
பக்கத்தில் உட்கார்ந்து அழ மகள் கிடையாது.

கொடுத்து, ரத்தம் போனால் அது என் கையெழுத்து.
நிறுத்தி, வாய் கோணினால் வயசு, கர்த்தரின் சித்தம்.
இந்தக் கணக்கு எனக்குத் தெரியும்.
தெரிவதால்தான்
நிறுத்தச் சொல்வது படிப்பா பயமா என்று
நாடியை இன்னொரு நிமிஷம் பிடித்திருந்தேன்.
ஒன்று. ஒன்று இரண்டு.
நெடுநேரம்.
ஒன்று.

செவ்வாய்க்கிழமை ஆசாரிப்பள்ளத்தில்
குழாய் விட்டுப் பார்க்கச் சீட்டெழுதினேன்.
அதன் கீழே, 'நிறுத்தவும்' என்று தொடங்கி
அடித்துவிட்டு
'நிறுத்தி வைக்கவும்'.
வித்தியாசம் இரண்டு எழுத்து இருக்குமா?
அவ்வளவு இடத்தில்தான் நான் நிற்கிறேன்.

"திரும்ப எப்ப?"
"ரத்தம் எங்கேருந்துன்னு தெரியட்டும்."
"அசனத்துக்கு முன்னயா, பொறவா?"
எனக்குத் தெரியவில்லை என்றேன். மகள் அதையும் குறித்துக்கொண்டாள்.

"மிச்சமுள்ள குளிகைய கடையில
திருப்பி எடுப்பினுமா டாக்டரே?
ஒண்ணு நாப்பது ரூவா."
எடுக்கமாட்டார்கள்.
வீட்டில் இருந்தால் கை போகும், என்னிடம் தாருங்கள் என்றேன்.
நம்பாமல், என்னையும் எண்ணச் சொல்லி,
பதினொன்று.

முத்திரை எடுக்க இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம்
அட்டை சரசரக்கிறது.
இன்று திங்கள்.