உப்புத்தாள்

தொண்டியில் கடலோரம்
பதினோரு வருடம் நின்ற பத்மினி.
முப்பத்தையாயிரத்துக்கு வாங்கினேன்.
கழுவித் துடைத்துதான் கொடுத்தார்கள்.
கழனிவாசல் திருப்பத்தில்
இடது பாதத்தில் ஜில்லென்று காற்று.
ஏசி வண்டி என்று சொல்லவே இல்லையே, என்றார் இவர்.
ஓரங்கட்டி மிதியடியைத் தூக்கினேன்.
கீழே ரோடு.
ஒரு சோடா மூடிகூடத் தெரிந்தது.

செக்காலை ரோட்டு டிங்கரிங் பட்டறையில்
நாற்பதாயிரம் என்றார்கள், பெயிண்ட் தனி.
வண்டியைவிட ஓட்டைக்கு விலை அதிகம்.

நான் வேலை பார்ப்பது
அரிமானத்தை ஆராயும் இடத்தில், ஸ்டோர் கிளார்க்.
இரும்புத் துண்டுகளுக்கு நம்பர் எழுதி
உப்புக் கரைசலுக்கு அனுப்பி
மிச்சத்தை மூன்று தசமம்வரை
பதிவேட்டில் ஏற்றுகிறவள்.
துரு என்று எழுதுவதில்லை நாங்கள்.
எடை இழப்பு.
இப்போது என் வீட்டுக் கொட்டகையில்
எடை இழப்பு
கைப்பிடி கைப்பிடியாக உதிர்கிறது.
முறத்தில் அள்ளினேன்.

சீட்டுகளைக் கழற்றி ஹாலில் போட்டோம்.
பின்சீட்டில் சாய்ந்து இவர் கிரிக்கெட் பார்க்கிறார்.
வந்த கொழுந்தன், எங்கே இறங்கணும் என்று கேட்கிறான்.

ஸ்குரூடிரைவர் பிடியால்
தட்டிக்கொண்டே போகிறேன்.
டங். டங். டங்.
டொப்.
அந்த டொப்பைச் சுற்றி சாக்பீஸ் வட்டம்.
பொழுது சாய்வதற்குள்
வண்டிக்கு அம்மை போட்டுவிட்டது.

படியோரத்துப் பட்டியைச் சுரண்டினால்
பட்டிக்குள் சிமெண்ட்,
சிமெண்டுக்குள் செய்தித்தாள்.
எவனோ ஒரு மகராசன்
ஓட்டையில் பேப்பரைத் திணித்து, மெழுகி,
வெள்ளையடித்து விற்றிருக்கிறான்.
பிரித்துப் படித்தேன்:
சவரன் மூவாயிரத்துச் சொச்சம்.
மேட்சை விட்டுவிட்டு ஓடி வந்தார்,
தேதியைப் பாரு, தேதியைப் பாரு என்று.
தேதியைத் துரு தின்றிருந்தது.

எண்பது நம்பர் உப்புத்தாள்.
யார் வைத்த பெயரோ.
உப்பு தின்ற இடத்தை
உப்புத்தாளால் தேய்க்கிறேன்.
வெள்ளை போகிறது. அடியில் ஒரு நீலம்.
நீலம் போனால் கறுப்பு,
கூரை விளிம்பில் மஞ்சள்.
டாக்சியா நீ?
எத்தனை பேரைத் தொண்டி பஸ் ஸ்டாண்டிலிருந்து
எங்கெங்கே கொண்டு விட்டாயோ.
தோள்பட்டை வலியில்
அதற்குமேல் கேட்கத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து,
வெல்டிங் செட்டோடு வந்தான் ஜெய்னுலாப்தீன்.
சன்னல் கிராதி செய்கிறவன்.
குனிந்தான். வெகுநேரம் நிமிரவில்லை.
'அக்கா, துருவ எடுத்தா வண்டி இருக்காது.
வண்டி வேணும்னா துருவ எடுக்காதீங்க.'
நல்ல தகரம் வரும்வரை வெட்டு, என்றேன்.
'அது எங்க வரும்?'

வெட்ட வெட்ட
நல்ல தகரம் ஒரு விரல் தள்ளியே இருந்தது.
வட்டம் தட்டாகி, தட்டு தாம்பாளமாகி
இனி உட்கார்ந்தால் கால் நேரே மண்ணில் படும்.
எவ்வளவு இழந்தபின் நிறுத்துவது?
இதற்கு என் பதிவேட்டில் கட்டம் கிடையாது.
அவனாகத்தான் நிறுத்தினான்,
கரண்ட் போனதால்.

கரண்ட் வந்ததும்
செத்துப்போன ஃப்ரிட்ஜின் கதவை வெட்டினோம்.
மகள் ஒன்றாம் வகுப்பில் ஒட்டிய யானை.
எவ்வளவு சுரண்டியும் தும்பிக்கை போகவில்லை.
தும்பிக்கை ரோட்டைப் பார்க்கும்படி வைத்து
சுற்றிலும் பற்றினான்.
ஈரச்சாக்கும் வாளியுமாக நான்,
மூச்சு விடாமல்.

ரெட் ஆக்சைடு. காயவிட்டு, இன்னொரு தடவை.
பட்டி. நனைத்த உப்புத்தாள்.
படியோரத்துக்கு வாங்கிய வெள்ளை
வண்டியின் வெள்ளை இல்லை.
வெள்ளைன்னா வெள்ளைதானே, என்றார் கடைக்காரர்.
இருக்கட்டும். அங்கேதான் என் கை பட்டது என்று
தெரிந்துவிட்டுப் போகட்டும்.

ஞாயிற்றுக்கிழமை
ஒரு செம்புத் தண்ணீரை உள்ளே ஊற்றச் சொல்லிவிட்டு
அடியில் மல்லாந்து படுத்தேன்.
தும்பிக்கை. வெல்டிங் தழும்பு. சிவப்பு.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு நெற்றியில் ஒரு சொட்டு.

உப்பைத் தின்னது
தண்ணி குடிக்கத்தானே செய்யும், என்றார் மேலிருந்து.

குடித்தால் பரவாயில்லை,
ஒழுகுகிறதே.
அந்தச் சாக்பீஸை இப்படித் தள்ளுங்கள்.