ரு, ரி

விலைக்கு வாங்கிவிடலாம் என்றுதான் முதலில் பேச்சு.
மாதம் இத்தனை டாலர் என்று வந்த தாளை
முதலாளியம்மா செங்கமலம்
மோர்க் கணக்குச் சிட்டையோடு சேர்த்து ஆணியில் குத்தினார்.
"நீங்களே செஞ்சுக்கோங்க, ரெண்டு பேரும்."

ரெண்டு பேர் என்றால்
எருத்தேம்பதிக்காரி நான், தரவுத்தளம் என் தலையில்.
கொல்லங்கோட்டிலிருந்து பஸ்ஸில் வரும் ஷிஹாபுதீன்,
கணக்கை மலையாளத்தில் போட்டு
திட்டுவதை மட்டும் தமிழில் திட்டுகிறவன்.

கொழிஞ்சாம்பாறைப் பால் பண்ணையின் பின்பக்கம்,
வெண்ணெய்க் கிடங்குக்கும் கழிப்பறைக்கும் நடுவே
சர்வர் அறை. உள்ளே ஸ்வெட்டர்.
வெளியே எனக்கு ஆடி, அவனுக்குக் கர்க்கடகம்;
இரண்டுக்கும் ஒரே கணவாய்க் காற்று,
பனைகளைத் தலைமயிர் பிடித்து உலுக்கியபடி.

நோய் இதுதான்.
விடிகாலை ஐந்தே முக்காலுக்கு
எல்லைக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும்
இருநூற்றுப் பன்னிரண்டு மையங்கள் ஒன்றாய் வாய் திறக்கும்.
வண்ணாமடை, கொழுப்பு நாலு புள்ளி ஒன்று.
கோபாலபுரம், மூன்று புள்ளி எட்டு, லிட்டர் ஆறரை.
ஏதோ ஒன்று நடுவழியில் நின்றுகொள்ளும்.
ரசீது வராது.
கேனைத் தரையில் வைத்துவிட்டு
அச்சு எந்திரத்தின் வாயையே பார்த்து நிற்பார்கள் சனங்கள்.
ஒழலப்பதியிலிருந்து ஒருத்தி போனில் கேட்டாள்:
"கம்ப்யூட்டருக்கு இன்னும் முழிப்பு வரலீங்களா?
புள்ளைக்குப் பள்ளிக்கூட பஸ்ஸு போயிருமுங்க."
என்னிடம் பதில் இல்லை.
எது நிற்கிறது, எங்கே, எத்தனை நேரம்,
எனக்கே தெரியாது.

ஆகவே ஒரு திரை.
பூட்டுகளுக்கு ஒரு பெட்டி, இணைப்புகளுக்கு ஒன்று.
ஓடி முடிக்காத வினவல்கள் பத்து, சோம்பேறித்தனத்தின் வரிசையில்.
நடுப்பெட்டிக்குப் பெயர் வைப்பதில் மூன்று நாள் சண்டை.
காத்திருப்பு என்றேன்.
காத்திரிப்பு என்றான்.
ஒரு ரு, ஒரு ரி,
இடையில் சோதனைச் சாவடி.
கடைசியில் பெயரே வேண்டாமென்று
பால் கேன் ஒன்றை வரைந்து ஒட்டினான்.
மூடி கொஞ்சம் கோணல்.

முதல் நாள் நாலரைக்கே வந்து உட்கார்ந்தோம்.
பச்சைக் கோடு தவழ்ந்தது.
ஐந்து நாற்பத்து மூன்றுக்கு
எழுந்து நின்றது, சிவந்தது,
திரைக்கு மேலே போய்விட்டது.
அன்றைக்குத்தான் எல்லா நாளையும்விட மோசம்.
பட்டியலின் உச்சியில் ஏதோ ஒரு வினவல்
நொடிக்கு ஒருமுறை ஓடி
மொத்த அட்டவணையையும் முதலிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தது.
எந்தக் கிறுக்கன் எழுதியது என்று தேடினோம்.
திரைதான்.
எங்கள் திரை.
யார் காத்திருக்கிறார்கள் என்று கேட்டுக் கேட்டே
காக்க வைத்திருக்கிறது.

மீனாட்சிபுரத்தில் எங்கள் டாங்கர் நிற்கிறதாக
அந்த நேரம் பார்த்து போன்.
மாதிரி எடுக்கிறார்களாம், வரிசை நீளமாம்.
ஷிஹாபுதீன் சிரிக்க ஆரம்பித்தான்,
எனக்கு வரவில்லை.

நொடியை நிமிடமாக்கினோம்.
உச்சி காலியானதும் இரண்டாவது ஆள் முகம் காட்டினான்:
மைய எண்ணுக்குச் சுட்டெண் போடாத ஒரு வினவல்,
மூன்று வருடம் முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம்
யாரோ வீட்டுக்குப் போகும் அவசரத்தில் எழுதியது.
ஓரத்தில் என் பெயரின் முதலெழுத்து.
திட்டுவான் என்று காத்திருந்தேன்.
"சாயா?" என்று மட்டும் கேட்டான், எழுந்து போனான்.
ஒரே ஒரு வரி. அவன் திரும்புவதற்குள் போட்டுவிட்டேன்.

இப்போது கோடு வயல் வரப்புபோல் படுத்துக் கிடக்கிறது.
செங்கமலம்மா எட்டிப் பார்த்து
"அசையவே இல்லியே, செத்துப்போச்சா?" என்கிறார்.
ஒழலப்பதி, எண்பத்தேழாம் மையம்: அரை நொடி.
அவள் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.
வேலை ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகலாம்.
அடுத்த எண் வர இன்னும் நாற்பது நொடி இருக்கிறது.
கோணல் மூடியைப் பார்த்தபடி
காத்திருக்கிறேன்,
ரு போட்டே.